மாலை விழாத ராசா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, குறி கேட்பது எதிலும் நம்பிக்கை கிடையாது. கையில் ஒரு கறுப்புக் கயிறுகூடக் கட்டியதில்லை. அம்மா கோயிலில் இருந்து திருநீறு கொண்டுவந்து பூச வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் நான். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது எனக்கு நடந்தது, அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிளுக்குப் படம் போடுகிற ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். சேவல், கப்பல், தாமரை, ரெட்டைக்கிளி என்று நான் போட்ட படங்கள் வடநாட்டில் எத்தனையோ பேருடைய சட்டைப்பையில் கிடந்திருக்கும். ஒரு ஐப்பசி மாதம், எனக்கு அடிக்கடி வேலை தருகிற தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் கூப்பிட்டனுப்பினார். புது மார்க்குக்கு ஒரு ராசா படம் வேண்டும் என்றார்.

"எங்க அம்மா பெறந்த ஊருல, மண்டபத்துச் சொவத்துல ஒரு ராசா இருக்காரு. அவரைத்தான் போடணும். போட்டோ எடுக்க விடமாட்டாங்க, பாத்துக்கோங்க. நேர்ல போயி ஒக்காந்து வரைஞ்சிட்டு வந்திருங்க."

விளாத்திகுளம் போகிற வழியில், தார் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். பெயரைச் சொல்லவில்லை, கூட்டம் வந்துவிடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், நானும் சரி என்றிருக்கிறேன்.

வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். வெளியே போய்த் திரும்பி வராத ராசாவாம் என்று முதலாளி சொன்னதையும் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்த மதினி, "கொழுந்தனாரே, அந்த ஊருக்கு நானும் வாரேன்" என்றாள். அம்மா நிமிர்ந்து பார்த்தார். மதினி தானாக ஒரு இடத்துக்குப் போகவேண்டும் என்று கேட்டே வருஷக்கணக்காகிவிட்டது.

மதினி என்றால் என் மூத்த அண்ணன் சங்கரபாண்டியின் மனைவி, செண்பகவல்லி. அண்ணன் லாரி டிரைவர். தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர் நாக்பூர் தாண்டி எங்கேயோ, விடிகிற நேரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று கிளீனரிடம் சொல்லி இறங்கிப் போயிருக்கிறார். வரவில்லை. லோடு அப்படியே இருந்தது, சட்டை அப்படியே வண்டிக் கொக்கியில் தொங்கியது, ஆளைக் காணோம். நானும் மாமாவும் போய் ஒரு மாதம் தேடினோம். போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை, ஒன்று விடவில்லை. பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. கைக்குழந்தையாக விட்டுப்போன மகள் மாரீஸ்வரி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து எட்டாம் வகுப்புக்கே வந்துவிட்டாள். மதினி ராத்திரி வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டாள். வெறுமனே சாத்தி, நாய் வராமல் இருக்க ஒரு முக்காலியை அண்டக்கொடுத்துவிட்டுப் படுப்பாள். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

அந்த வருஷம்தான் பெரியவர்கள் கூடி, இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது, அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவோம், இல்லையென்றால் ஆத்மா அலையும் என்று முடிவு செய்தார்கள். கார்த்திகை அமாவாசைக்குச் செய்வது, அன்றைக்கே மதினி தாலியைக் கழற்றுவது. மதினியிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. நானோ வெறும் ஆர்ட்டிஸ்ட், யார் என் பேச்சைக் கேட்கப்போகிறார்கள். அப்படி இருக்கும்போதுதான் மதினி வருகிறேன் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் டிவிஎஸ் ஃபிப்டியில் போனோம். முந்தின நாள் நல்ல மழை. எங்கள் பக்கத்துக் கரிசல் மழையில் எப்படி ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மண்பாதையில் இறங்கியதுமே மட்கார்டுக்குள் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவில்லை. வண்டியை ரோட்டோரம் ஒரு வேலிமரத்தடியில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒவ்வொரு எட்டுக்கும் காலில் ஒரு கிலோ மண் ஏறும், உதறினால் போகாது. இரண்டு பக்கமும் பருத்தி அப்போதுதான் தலைகாட்டியிருந்தது.

மண்டபத்துக்கு எதிரிலேயே ஒரு டீக்கடை. கடைக்காரர் சீனியப்பன் என்பவரிடம்தான் சாவி. முதலாளி சொல்லியனுப்பியிருந்ததால் உடனே திறந்துவிட்டார்.

நான் அந்தச் சுவரைப் பார்த்து நின்ற நிமிஷத்தை எப்படிச் சொல்வது. படம் வரைய முறையாகப் படித்தவர்கள் யாராவது பார்த்தால், அளவு தெரியாதவன் வரைந்தது என்று போய்விடுவார்கள். ராசாவின் உடம்பு பக்கவாட்டில் நிற்கிறது, பாதம் இரண்டும் ஒரே திசையில், முகம் மட்டும் நேரே நம்மைப் பார்க்கிறது. குதிரை அவர் இடுப்பளவுகூட இல்லை, ஆட்டுக்கிடாய் மாதிரி இருக்கிறது. வீரர்கள் அவர் முழங்காலுக்குக் கீழே. நிழல் என்பதே கிடையாது. யார் முக்கியமோ அவர் பெரிசு, அவ்வளவுதான் கணக்கு. எனக்கு அது அந்நியமாகவே தெரியவில்லை. நான் லேபிளில் செய்வதும் அதைத்தானே, சேவலைப் பெரிதாகப் போட்டு உதிக்கிற சூரியனை அதன் காலடியில் சின்னதாக வைப்பேன். சுண்ணாம்பு வெள்ளை, காவி, விளக்குக் கரி, எங்கேயாவது கொஞ்சம் பச்சை, இதற்கு மேல் நிறமில்லை. மேலே ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் சந்திரன். ராசாவின் இடது மணிக்கட்டில் ஒரு கிளி. கிளி என்றால் சேதி என்று அர்த்தம், ஆனால் இந்தக் கிளி தலையைப் பின்னால் திருப்பிக்கொண்டிருந்தது, சொல்ல ஒன்றுமில்லை என்பது மாதிரி.

பிறகுதான் கண்ணைக் கவனித்தேன். வலது கண்ணில் கருவிழி இருக்கிறது. இடது கண் வெறும் வெள்ளை.

"அது அழிஞ்சு போனதா அண்ணாச்சி?"

"இல்ல, எழுதவே இல்ல" என்றார் சீனியப்பன். "கும்பினி வெள்ளக்காரன் பேசணும்னு கூப்புட்டு விட்டான், விடியக்காலம் போனவரு வரல. செத்தாருன்னும் சேதி இல்ல, இருக்காருன்னும் சேதி இல்ல. படம் எழுத வந்தவன் ராணிகிட்ட கேட்டுருக்கான், இருக்கவுகளா எழுதவா, இல்லாதவுகளா எழுதவான்னு. இருந்தா ரெண்டு கண்ணும் தொறக்கணும். இல்லன்னா கழுத்துல மாலை போடணும். ஒரு கண்ணத் தொற, சேதி வந்த பெறவு மத்ததப் பாப்போம்னு அந்தம்மா சொல்லிட்டாவ. இன்னைக்கி வரைக்கும் அப்படியே கெடக்கு. வண்ணம் புதுசா அடிக்கையிலயும் அந்தக் கண்ணத் தொடமாட்டோம். நீங்களும் தொறந்துராதீய, சொல்லிட்டேன்."

"மாலை?" என்றாள் மதினி. வந்ததில் இருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

அவர் மேலே காட்டினார். ராசாவின் தலைக்கு மேல் மேகத்தில் இருந்து ஒரு கை நீண்டிருந்தது, கை மட்டும்தான், ஆள் இல்லை. அந்தக் கையில் ஒரு மாலை. கிரீடத்துக்கு ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது, விழவில்லை.

மதினி வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு, "குதிரைய அவிழ்த்து விட்டுட்டாவ பாருங்க. மேல சேணம் இருக்கு, ஆளு இல்ல. அது வீட்டப் பாத்துத்தான் நிக்கி" என்றாள். உண்மைதான். படத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வாசல் எழுதியிருந்தது, குதிரையின் முகம் அந்தப் பக்கம். படம் போடுவது என் பிழைப்பு, எனக்கு அது கண்ணில் படவில்லை.

சீனியப்பன் காட்டில் தண்ணீர் தேங்கிவிட்டது, வெட்டிவிட்டு வருகிறேன் என்று மண்வெட்டியோடு போய்விட்டார். நான் தூண் ஓரத்தில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். மதினி ராசாவுக்கு நேர் எதிரே, சுவரில் இருந்து இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அவளுடைய பக்கவாட்டு முகம் தெரியும். மத்தியானம் திரும்பிய நேரம், வானம் மூட்டமாக இருந்ததால் வெளிச்சம் ஒரே சீராக இருந்தது. ஊரில் ஒரு சத்தம் இல்லை.

அப்போது மதினி, "சாப்ட்டேன்" என்றாள்.

என்னிடம் சொல்கிறாள் என்று நினைத்து, "என்ன மதினி?" என்றேன். அவள் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, எட்டாப்பு. உயரம் ஒங்கள மாதிரிதான்" என்றாள். பிறகு, "அத்தைக்குக் கண்ணுதான் சரியாத் தெரியல, மத்தபடி தேவலை." பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது தெரியுமா.

சுவரில் ஒன்றும் மாறவில்லை, நீங்கள் அப்படி எதிர்பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். ராசா வாயை மூடிக்கொண்டு மீசையோடு அப்படியேதான் நின்றார். வேறு ஒரு குரலும் எனக்குக் கேட்கவில்லை. மனசு உடைந்தவள் தனக்குத்தானே பேசுகிறாள் என்று நானும் நினைத்திருப்பேன். ஆனால் ஒரு விஷயம். என் அண்ணனுக்குத் திக்குவாய். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் கழுத்து நரம்பு புடைக்கும், சொல் வராது. வேறு யாராக இருந்தாலும் அவசரப்பட்டு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவோம், நானே செய்திருக்கிறேன். மதினி மட்டும் எடுத்துக் கொடுக்கமாட்டாள். காத்திருப்பாள். காத்திருக்கும்போது அவளை அறியாமல் அவள் உதடு அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குக் குவியும், அவருக்குத் துணைக்கு நிற்கிற மாதிரி. அவர் சொல்லி முடித்ததும் உதடு தளரும்.

அன்றைக்கு அந்தச் சுவருக்கு முன்னால் அவள் உதடு அப்படிக் குவிந்தது, காத்திருந்தது, தளர்ந்தது. திரும்பத் திரும்ப. ஒரு மனுஷி தனக்குத்தானே பேசும்போது அடுத்த சொல்லுக்காக ஏன் காத்திருக்க வேண்டும், நீங்கள் சொல்லுங்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து போய்த் தொட்டால் அது நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. இன்னொன்றும் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னையும் கேட்பாரா, தம்பி எப்படி இருக்கான் என்று ஒரு வார்த்தை கேட்பாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை பாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தது.

"எம்புட்டுத் தூரம்?" என்றாள் மதினி. பிறகு, "அப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றாள். அதற்குப் பிறகு வந்த மௌனம்தான் எல்லாவற்றிலும் நீளமானது. கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, துடைக்கவில்லை. உதடு குவிந்தே இருந்தது. கடைசியில் தளர்ந்தது.

"சரி" என்றாள். "சரி. சாத்திருதேன்."

அவ்வளவுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "போவமா கொழுந்தனாரே, மாரி பள்ளிக்கூடத்துத் தாவணிக்கி இஸ்திரி போடணும், புதுசு" என்று வீட்டு வேலையைப் பற்றிப் பேசினாள்.

வெளியே வந்தபோது சீனியப்பன் திரும்பிவிட்டிருந்தார். சாவியைக் கொடுத்தோம், டீ குடிக்கச் சொன்னார், நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டோம். பாதை முழுக்க மதினி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மண்டபத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ரோட்டுக்கு வந்து, ஒரு குச்சியை ஒடித்து மட்கார்டில் அப்பியிருந்த மண்ணை நோண்டி எடுக்கும்போதுதான் கேட்டேன்.

"யார்ட்ட மதினி பேசுனீங்க?"

"ஒங்க அண்ணன்ட்டதான்" என்றாள், கடைக்குப் போய்விட்டு வந்தவள் சொல்கிற மாதிரி. "ஒங்களுக்குக் கேக்கலையா?"

"இல்லையே."

அவள் முகம் வாடிவிட்டது. எனக்காகத்தான் வாடியது. "நடந்து வந்துக்கிட்டு இருக்காவளாம். தூரம் சாஸ்தியாம். எப்ப வந்து சேருவேன்னு தெரியல, நீ கதவச் சாத்திட்டுப் படுன்னு சொன்னாவ."

அன்றைக்கு ராத்திரி மதினி தாழ்ப்பாள் போட்டாள். அந்தச் சத்தம் கேட்டு அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அமாவாசை அன்று தாலியைத் தானே கழற்றி அம்மா கையில் கொடுத்தாள், அழவில்லை, அழுதது நாங்கள்தான். அதன்பிறகு மதினி வேறு ஆளாகிவிட்டாள். புதியம்புத்தூரில் இருந்து துணி எடுத்து வந்து வீட்டிலேயே வைத்து விற்க ஆரம்பித்தாள், சீட்டு பிடித்தாள், நாலு பேரை அதட்டிப் பேசினாள். நல்லதுதான் நடந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

லேபிளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து தாளை விரித்துப் பார்த்தால் எல்லாம் சுவரில் இருந்தபடியேதான் இருந்தது, இடது கண்ணையும் வெள்ளையாகவே விட்டிருந்தேன். ஆனால் ராசாவின் உதடு பிரிந்திருந்தது. சுவரில் மூடிய வாய். என் படத்தில் ஒரு சொல்லை ஆரம்பித்துவிட்டு நிற்கிற வாய். நான் அப்படி வரைந்த ஞாபகமே எனக்கு இல்லை. முதலாளி பார்த்துவிட்டு, "ஏதோ சொல்ல வாராரு மாதிரில்லா இருக்கு, நல்லாருக்கு, இப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே அச்சாகி வடக்கே போனது. மனசு அங்கே இருந்திருக்கும், கை எதையோ போட்டிருக்கும் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கவே மாட்டேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, மாரீஸ்வரிக்குக் கல்யாணம் கூடியது. பத்திரிகை அச்சாகி வந்ததும் மதினி முதல் பத்திரிகையை எடுத்து மஞ்சள் தடவி என்னிடம் கொடுத்தாள். "ராசா முன்னாடி வச்சிட்டு வாங்க கொழுந்தனாரே. நான் வரல."

இந்த முறை கோடை. நிலமெல்லாம் கை போகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சீனியப்பன் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். மண்டபத்தைத் திறந்துவிட்டார். பத்திரிகையை வைத்துவிட்டு, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மதினி உட்கார்ந்த இடத்தில் நானும் உட்கார்ந்தேன். "அண்ணே" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மாரிக்குக் கல்யாணம் என்று சொன்னேன், அம்மா போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன். கிளி தலையைத் திருப்பியபடியே இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்து டீ குடித்தேன். சீனியப்பன் சாதாரணமாகக் கேட்டார், "ஒங்க அண்ணாச்சி சொகமா இருக்காவளா?"

"எந்த அண்ணாச்சி?"

"அன்னைக்கு நீங்களும் அந்த அம்மாவும் வந்துட்டுப் போனீங்கள்லா, அப்பம் பின்னாலயே வந்தாவளே. நீங்க அந்தப் பனை தாண்டிருக்க மாட்டீய. என் தம்பியும் என் வீட்டுக்காரியும் இங்கன வந்தாங்களே, போயாச்சான்னு கேட்டாவ. இப்பத்தான் போறாவ, எட்டி நடந்தா பிடிச்சிரலாம்னேன். டீ வேண்டாம்னுட்டாவ. தண்ணி கேட்டாவ. ஒரு செம்பு, ரெண்டு செம்பு, குடிச்சிக்கிட்டே இருந்தாவ, நான் மறுக்கா மோந்து வந்தேன். பெறவு நீங்க போன வழியிலதான் போனாவ. ஏன், ஒங்கள வந்து பிடிக்கலையா?"

அன்றைக்கு ரோட்டில் நாங்கள் வண்டிச் சக்கரத்தை நோண்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றோம். அந்தப் பாதையில் ஒருவரும் வரவில்லை. இப்போதுதான் உள்ளே வைத்துவிட்டு வந்த பத்திரிகையில் 'காலஞ்சென்ற சங்கரபாண்டி' என்று போட்டிருந்தது.

அந்த ஆள் எப்படி இருந்தார் என்று மட்டும் கேட்டேன். முகம் ஞாபகம் இல்லை என்றார். தாடி, மேலுக்குச் சட்டை இல்லை, தோளில் ஒரு துண்டு.

"காலுதான் ஞாவகம் இருக்கு" என்றார். "அன்னைக்கு அந்த மழை ஈரத்துல இங்கன வந்த அத்தன பேரு காலும் கருப்புச் சகதியில்லா, ஒங்க காலு, அந்தம்மா காலு, எங்காலு எல்லாந்தான். அவிய காலு முட்டு வரைக்கும் காஞ்ச செம்மண்ணு. ஒரு சொட்டு ஈரம் இல்ல. அவிய போன பெறவு அந்தத் தடத்த நாந்தான் கூட்டித் தள்ளுனேன், செவப்பாப் பறந்துச்சு."

அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் செம்மண் கிடையாது. 

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மதினி, "வச்சிட்டீங்களா?" என்று கேட்டாள், வைத்துவிட்டேன் என்றேன், அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. உயிரோடுதான் இருந்தார் என்றால், அவ்வளவு தூரம் வந்தவர் ஏன் வீடு வந்து சேரவில்லை. இல்லை என்றால் எதற்கு அத்தனை செம்பு தண்ணீர். மதினி இப்போதும் பக்கத்து அறையில்தான் படுக்கிறாள். ராத்திரி அவள் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனதும் நான் எழுந்துபோய், சத்தம் வராமல், அதை எடுத்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறேன்.